காயல்பட்டினத்துக் கடல்பாசியும் சென்னையில் உறைந்திருக்கும் நான்கு குப்பிகளும்

போன நோன்பு மாதத்தில் ஒரு சனிக்கிழமை தூத்துக்குடிப் பக்கம் போய் வந்தேன். காலையில் மதுரையில் பேருந்து ஏறி, தூத்துக்குடியில் அலைந்து, மணப்பாடு வரை போய், திரும்பும் வழியில் காயல்பட்டினத்தில் ஒரு வீட்டில் நோன்பு திறக்கும் நேரத்தில் இருந்துவிட்டு, அன்றே வீடு வந்து சேர்ந்தேன். ஒரே நாளில் இத்தனையும் முடியுமா என்று கேட்பீர்கள். முடியும். எந்த இடத்திலும் உட்காரத் தோன்றாத மனம் இருந்தால் போதும். எனக்கு அன்று அது தேவைக்கு மேலேயே இருந்தது.

என் மகன் தூத்துக்குடியில் மீன்வளப் படிப்பில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். விடுதி வாசம். இந்தக் கட்டுரையில் அவன் பெயர் முகிலன். உண்மைப் பெயர் அதுவல்ல, இதை எழுதட்டுமா என்று கேட்டபோது அவனே தேர்ந்தெடுத்துக் கொடுத்த பெயர். அவனிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருந்தது. போனில் மூன்று முறை ஆரம்பித்துப் பார்த்தேன். மூன்று முறையும் அவன் மெஸ் சாப்பாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டான். அன்று சாம்பாரில் உப்பு இல்லை, நேற்றுச் சப்பாத்தி வேகவில்லை என்று பத்து நிமிடம். நேரில் போனால் மெஸ்ஸுக்குள் ஓடி ஒளிய முடியாது என்று கணக்குப் போட்டேன்.

கேள்வி என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் இந்தப் பயணம் புரியாது.

முகிலனுக்குப் பத்து வயதில் இரத்தப் புற்றுநோய் வந்தது. இப்போது நன்றாக இருக்கிறான், ஆண்டுக்கு ஒரு முறை பரிசோதனை மட்டும். அன்று சிகிச்சை தொடங்கும் முன் சென்னையில் டாக்டர்கள் எங்களிடம் ஒன்று சொன்னார்கள். கொடுக்கப்போகும் மருந்துகள் கடுமையானவை, பின்னாளில் குழந்தை பிறக்காமல் போகலாம். வயது வந்த ஆண் என்றால் விந்தை எடுத்து உறைய வைக்கலாம். பத்து வயதுப் பையனிடம் விந்தணுவே உருவாகியிருக்காது. ஆனால் அவன் விரையில், பிற்காலத்தில் விந்தணுக்களை உண்டாக்கப்போகும் குருத்தணுக்கள் இருக்கும். ஆகவே விரையிலிருந்து அரிசி அளவில் சில துணுக்குகளை எடுத்து, குப்பிகளில் போட்டு, திரவ நைட்ரஜனில் வைத்துவிடலாம். அதை வைத்து என்ன செய்வது என்பது அன்றைக்கு யாருக்கும் முழுதாகத் தெரியாது. நாங்கள் சரி என்றோம். நான்கு குப்பிகள். முகிலனுக்கு இதெல்லாம் தெரியும். எதையும் அவனிடம் மறைத்ததில்லை. அவன்தான் இதைப் பற்றிப் பேச மாட்டான்.

போன தை மாதம், குப்பிகளை வைத்திருக்கும் சென்னை ஆய்வகத்திலிருந்து அழைத்தார்கள். போனேன். அங்கே ஒரு டாக்டரம்மா இரண்டு தட்டுகளை நுண்ணோக்கியில் காட்டினார். இரண்டிலும் எலியின் குருத்தணுக்கள். முதல் தட்டில் அவை கண்ணாடியின் அடியில் படிந்து பரந்து கிடந்தன. அப்படித் தட்டையாகக் கிடந்தால் கூட இருக்கும் மற்ற அணுக்கள் பெருகி இவற்றை நெருக்கிவிடும், இவையும் கொஞ்ச நாளில் தங்கள் குணத்தை இழந்துவிடும் என்றார். உடம்புக்குள் அவை அடியில் கிடப்பதில்லை, நாலாபுறமும் ஏதோ ஒன்று அவற்றைத் தாங்கி நிற்கிறது. அதனால் இரண்டாவது தட்டில் ஒரு ஜெல். கிட்டத்தட்ட முழுக்கத் தண்ணீர்தான், ஆனால் உள்ளே கண்ணுக்குத் தெரியாத சாரம் கட்டியது போல ஒரு பின்னல். அணுக்கள் அதற்குள் சின்னச் சின்னக் கொத்தாக, மேலேயும் இல்லாமல் கீழேயும் இல்லாமல் நின்றன. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து மனிதத் திசுவில் செய்து பார்க்கப் போகிறார்களாம். முகிலனின் நான்கு குப்பிகளில் ஒன்றைத் திறக்க அனுமதி வேண்டும். திறந்தால் அந்த ஒன்று திரும்ப வராது. “மனுசங்க அணுவுல இது விந்தணு வரைக்கும் நம்பகமா எங்கயும் போய்ச் சேரல. நாங்க சேர்த்துருவோம்னும் சொல்ல மாட்டேன்” என்றார் டாக்டரம்மா. அதைச் சொன்னதற்காகவே அவரை எனக்குப் பிடித்தது. பிறகு இன்னொன்றும் சொன்னார். பையனுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது, இனி நான் சொல்லும் சரிக்கு மதிப்பில்லை, அவன்தான் சொல்ல வேண்டும்.

கிளம்புகிற அன்று காலை என் கணவர் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த என்னிடம் கேட்டார்: “அவன் வேண்டாம்னு சொல்லணும்னுதானே நீ போற?” ஆட்டோ வந்துவிட்டது என்று ஓடிவிட்டேன். ஆட்டோ வரவில்லை. தெருமுனையில் ஐந்து நிமிடம் நின்றேன்.

மாட்டுத்தாவணியிலிருந்து தூத்துக்குடிக்கு நாள் முழுக்கப் பேருந்து உண்டு. நூற்று நாற்பது கிலோமீட்டர், மூன்று மணி நேரம். ஆறு மணி வண்டியைப் பிடித்தேன். அருப்புக்கோட்டை தாண்டியதும் இரு புறமும் கரிசல், சீமைக்கருவேலம், நடுவே எப்போதாவது ஒரு பெட்ரோல் பங்க். எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் டீக்கு நிறுத்துகிறார்கள். டீ பரவாயில்லை, கழிப்பறைக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள். ஜன்னல் இருக்கை கிடைத்திருந்தும் நான் வெளியே சரியாகப் பார்க்கவில்லை. கேள்வியை எந்த வாக்கியத்தில் தொடங்குவது என்று மாற்றி மாற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். காற்றில் உப்பு வாடை வந்த பிறகுதான் ஊர் வந்துவிட்டது தெரிந்தது.

மகனுக்கு மதியம் வரை வகுப்பு. ஒன்பது மணிக்கு இறங்கிய எனக்கு மூன்று மணி நேரம் மிச்சம். புதிய பேருந்து நிலைய வாசலில் அந்தோணி என்கிற ஆட்டோக்காரர், என் வயதுதான் இருக்கும், “எங்கக்கா போவணும்?” என்றார். பன்னிரண்டு மணி வரைக்கும் எங்கேயாவது என்றேன்.

“எங்கயாவதுன்னு எங்க ஊருல ஒரு ஸ்டாப்பு கெடையாதுக்கா. மாதா கோவில் இருக்கு, ஹார்பர் இருக்கு, முயல் தீவு இருக்கு. இதுல ஒண்ணு சொல்லுங்க.”

மூன்றையும் சொன்னேன். நானூறு ரூபாய் பேசினார். நியாயமான விலை என்றுதான் நினைக்கிறேன், நான் பேரம் பேசும் நிலையில் இல்லை. பனிமய மாதா கோவிலுக்குள் போய் ஒரு நிமிடம் நின்றேன். துறைமுகச் சாலையில் லாரிகள் வரிசை கட்டி நின்றன. கண்டெய்னர்களின் நிறங்களைப் பார்த்துக்கொண்டே முயல் தீவுக்குப் போனோம். தீவு என்று பெயரே தவிர சாலையிலேயே போய்விடலாம். துறைமுகத்தின் கப்பல்களும் அனல் மின் நிலையத்துப் புகைபோக்கிகளும் ஒரே பார்வையில் விழும் இடம் அது. மாலையில் போனால் அழகாக இருக்குமாம். காலை பத்து மணிக்கு மணலைப் பார்த்தாலே கண் கூசுகிறது. நான் தண்ணீர் வரை நடந்தேன், திரும்பி வந்து ஆட்டோவில் ஏறிக்கொண்டேன்.

முத்து வாங்கவா என்று கேட்டேன், ஏதாவது பேச வேண்டுமே என்று. முத்துக் குளிப்பு நின்று எவ்வளவோ காலமாச்சு, இப்போது சங்கு குளிக்கிறவர்கள்தான் கடலுக்குள் இறங்குகிறார்கள், கடையில் இருக்கிற முத்தெல்லாம் ஹைதராபாத்தில் இருந்து வருது, அதை வாங்க இவ்வளவு தூரம் வந்தியளா என்று சிரித்தார். வாங்க நினைப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பதில் மக்ரூன் வாங்குங்கள். முந்திரி மாவும் முட்டை வெள்ளையும் சீனியும் சேர்த்துச் சுட்டது, வாயில் வைத்தால் கரையும். விடுதிப் பையன்களுக்காகக் கால் கிலோ வாங்கினேன், இருநூற்று ஐம்பது ரூபாய்.

இறக்கிவிடும்போது அந்தோணி சொன்னார்: “மூணு எடத்தையும் இம்புட்டு வேகத்துல முடிச்சது நீங்கதான்க்கா. பிள்ளையத் தொலச்ச மாதிரில்லா ஓடுதீய.”

பிள்ளையைப் பார்க்கத்தான் வந்திருக்கேன் என்றேன். “அப்ப சரியாப் போவும்” என்று சொல்லி, மீதிச் சில்லறையைக் கொடுத்தார்.

பழைய பேருந்து நிலையத்துக்கு முகிலன் தனியாக வருவான் என்று நினைத்தேன். கூட மீரானையும் கூட்டிக்கொண்டு வந்தான். மீரான் அவனுடைய அறைத் தோழன், காயல்பட்டினத்துப் பையன், வார இறுதிக்கு வீட்டுக்குப் போகிறான். நாங்கள் இருவரும் மாலை தன் வீட்டுக்கு வர வேண்டும் என்று அவன் உம்மா, அதாவது அம்மா, சொல்லியிருப்பதாகச் சொன்னான். எனக்குச் சுருக்கென்றது. என் மகன் எனக்கு எதிராக ஆள் சேர்த்துக்கொண்டு வந்திருக்கிறான் என்று பட்டது.

திருச்செந்தூர் வண்டி நாற்பது கிலோமீட்டர் தூரத்தை ஒன்றேகால் மணி நேரத்தில் கடக்கிறது. இடது பக்கம் உட்காருங்கள். உப்பளங்களும், குவித்து ஓலை போட்டு மூடிய உப்பும் நன்றாகத் தெரியும். முக்காணியில் தாமிரபரணிப் பாலம் தாண்டினால் எல்லாம் மாறிவிடும். ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால்களும் வாழையும் பச்சையாக வரும். பிறகு ஆறுமுகநேரியில் மறுபடி உப்பு.

முன் இருக்கையில் இரண்டு பையன்களும் முந்தைய நாள் ஆய்வகப் பாடத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். ஆண் மீனின் வயிற்றை மெதுவாக அமுக்கி விந்து எடுப்பது எப்படி என்பது பாடம். மீரான் கை ஈரமாக இருந்ததால் காரியம் கெட்டுப்போனதாம். “ஒரு சொட்டுத் தண்ணி பட்டாலே போச்சும்மா” என்று முகிலன் திரும்பி எனக்கே விளக்கினான். “உடனே நீந்த ஆரம்பிச்சுரும். கொஞ்ச நேரத்துல செத்துரும். காஞ்ச கையிலதான் எடுக்கணும். இவன் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளூ செஞ்சுட்டு வந்த ஈரக் கையோட எடுத்துட்டான்.” மீரான் அவன் முதுகில் ஒரு அடி வைத்தான். மீன் விந்து என்றால் இவ்வளவு சரளமாகப் பேசுகிறான். நான் சிரித்தேன், சிரித்துக்கொண்டே எனக்குக் கோபம் வந்தது.

காயல்பட்டினத்தில் மீரான் இறங்கிக்கொண்டான். நாங்கள் திருச்செந்தூர் போய், சாப்பிட்டு, மணப்பாட்டுக்கு வண்டி மாறினோம். இன்னும் பதினெட்டு கிலோமீட்டர். ஊருக்குள் போகும் பேருந்து குறைவு, ஊருக்குச் சாலை பிரியும் விலக்கில் இறங்கினால் நடக்க வேண்டியிருக்கும். ஆட்டோ கிடைத்தால் ஏறிவிடுங்கள்.

மணப்பாட்டைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். கடலுக்குள் நீண்டிருக்கும் மணல் மேடு, அதன் உச்சியில் திருச்சிலுவைக் கோவில், ஒரு பக்கம் அலையடிக்கும் கடல், மறு பக்கம் ஆறு வந்து தேங்கி நிற்கும் அமைதியான தண்ணீர். படத்தில் காற்று தெரியாது. நேரில் அந்தக் காற்று பேசவிடாது, ஒவ்வொரு சொல்லையும் சத்தமாகச் சொல்ல வேண்டும். நான் காலையிலிருந்து தயார் செய்த வாக்கியங்கள் எல்லாம் மெதுவாகச் சொல்வதற்கானவை.

கோவிலுக்குப் பின்னால் நிழலில் நின்று கேட்டேவிட்டேன். டாக்டரம்மா சொன்னது அனைத்தையும், ஜெல், எலி, ஒரு குப்பி, எதையும் விடாமல். அவன் கடலைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

“நீ என்ன நினைக்கிற?”

“உன் இஷ்டம்டா.”

“பொய் சொல்லாதம்மா.”

பிறகு அவனே சொன்னான். “திறக்காத வரைக்கும் நாலும் நல்லாத்தான் இருக்கு. திறந்து பாத்து, உள்ள ஒண்ணுமே உயிரோட இல்லைன்னா? அப்ப மிச்சம் மூணும் அப்படித்தானே?”

ஒன்பது ஆண்டுகளாக நான் எனக்குள்ளேயே பூட்டி வைத்திருந்த அதே கேள்வி. அவனுக்கும் அதே பயம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அவனுக்கு இதில் அக்கறை இல்லை என்றுதான் எண்ணியிருந்தேன். அவனைத் தொடலாம் என்று கை நீட்டினேன். அவன் அதற்குள் மேட்டிலிருந்து கீழே இறங்கத் தொடங்கிவிட்டான். மணலில் ஷூவோடு வழுக்கிக்கொண்டு போனான். கீழே வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து பார்த்து, “ஏலே, சப்பாத்தக் கழட்டிட்டு நட. மணலு ஒனக்கு ரோடா போட்டுருக்கு?” என்று சத்தம் போட்டார். முகிலன் கீழ்ப்படிந்து உட்கார்ந்து ஷூவைக் கழற்றினான். நான் பின்னால் போகவில்லை. முதன்முறையாக அன்று ஓர் இடத்தில் அசையாமல் நின்றேன். அதுவும் கால் நகராததால்தான்.

காயல்பட்டினம் வந்து சேரும்போது மாலை ஐந்தரை. மீரான் தெருமுனையில் காத்திருந்தான். இந்த ஊரில் பெரிய வீடுகளுக்கு இடையே பெண்கள் நடமாடக் குறுகலான முடுக்குகள் தனியாக உண்டு. என்னை அந்த வழியாக அனுப்பிவிட்டு, அவன் முகிலனைத் தெரு வாசல் வழியாக அழைத்துப் போனான். முடுக்கின் முடிவில் பின்வாசலில் மீரானின் உம்மா கதீஜா நின்றிருந்தார். “வாங்கக்கா, நேரா அடுப்படிக்கே கூட்டிட்டுப் போறேன்னு கோவிச்சுக்கிடாதீங்க. பாங்கு சொல்ல இன்னும் ஒரு மணி நேரங்கூட இல்ல” என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

அடுப்படியில் கடல்பாசி தயாராகிக்கொண்டிருந்தது. தெரியாதவர்களுக்கு: கடலில் விளையும் ஒரு வகைப் பாசியிலிருந்து எடுத்த காய்ந்த வெள்ளை இழைகள் கடையில் கிடைக்கும். தண்ணீரில் கொதிக்க வைத்தால் கரையும். ஆறினால் இறுகும். இந்த வீட்டில் அதை இளநீரில் செய்கிறார்கள். கரைந்த பாசியை அடுப்பிலிருந்து இறக்கி, சீனியும் இளநீரும் சேர்த்து, தட்டில் ஊற்றி, இளநீர் வழுக்கையைச் சின்னத் துண்டுகளாக நறுக்கிப் போடுவார்கள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றதைக் கதீஜா கவனித்தார்.

“பிள்ள கூடப் பேசிட்டியளா?” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “சென்னையில வச்சிருக்காகள்ல, அது பத்தி. மீரான் சொன்னான். தப்பா நினைக்காதீங்க.”

என்னிடம் பேச மறுத்தவன் அறைத் தோழனிடம் பேசியிருக்கிறான். எனக்கு ஏதோ கடன்பட்டவன் போல, என்னிடம்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும் என்று ஒரு நொடி வலித்தது. அடுத்த நொடி, யாரிடமாவது சொல்லியிருக்கிறானே என்று மூச்சு விட்டேன். இரண்டும் ஒரே சமயம் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். கதீஜா பேசிக்கொண்டே வழுக்கைத் துண்டுகளைத் தட்டில் கொட்டிவிட்டார். எல்லாம் நேரே அடிக்குப் போய்ப் படிந்தன.

“அல்லாவே, பேச்சு மும்முரத்துல சூட்டோட போட்டுட்டேன் பாருங்க.” கொஞ்சம் ஆறி, பாசி இறுகத் தொடங்கும் பதத்தில் போட்டால்தான் துண்டுகள் நடுவில் நிற்குமாம். முந்தினால் அடியில் போகும், பிந்தினால் மேலேயே உட்கார்ந்திருக்கும். திரும்பக் காய்ச்சலாம், ஆனால் நேரமில்லை, இது இப்படியே இருக்கட்டும் என்று இரண்டாவது தட்டை எடுத்தார். இந்த முறை பேசவில்லை. மின்விசிறிக்குக் கீழே வைத்து, தட்டை லேசாகச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். ஓரம் தளும்பாமல் நடுங்கியபோது துண்டுகளைப் போட்டார். அவை பாதி இறங்கி, அங்கேயே நின்றன. தெளிந்த இளநீர் நிறத்துக்குள் வெள்ளை வெள்ளையாக, மேலும் இல்லாமல் கீழும் இல்லாமல்.

நான் நுண்ணோக்கியில் பார்த்தது இதுதான். யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டாவது தட்டில் ஊற்றும்போதே ஒரு கரண்டியைத் தனியாக ஒரு சாசரில் ஊற்றி, அதிலும் இரண்டு துண்டு போட்டு வைத்திருந்தார். ருசி பார்க்க. நோன்பு வைத்தவர்கள் யாரும் வாயில் வைக்க முடியாது. ஆகவே நோன்பு இல்லாத நாக்கு ஒன்று வேண்டும். போன வார இறுதியில் முகிலன் வந்திருந்தபோது அந்த வேலையை அவனுக்குக் கொடுத்திருக்கிறார்கள். நான் பார்க்கிறேனே என்றேன்.

“வேண்டாக்கா. நீங்க புதுசா வந்த ஆளு, நல்லா இருக்குன்னுதான் சொல்லுவீங்க. அவன் நாக்குதான் உள்ளதச் சொல்லும். கொண்டு போய்க் குடுங்க.”

சாசரை எடுத்துக்கொண்டு முன் கூடத்துக்குப் போனேன். மீரான் தூக்குவாளியுடன் பள்ளிவாசலுக்கு நோன்புக் கஞ்சி வாங்கப் போயிருந்தான். முகிலன் மட்டும் நாற்காலியில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். சாசரை நீட்டினேன். அவன் கரண்டியை எடுக்கவில்லை. ஒரு விரலால் ஓரத்தைத் தொட்டான். அது நடுங்கியது, உள்ளே இருந்த துண்டுகள் நடுங்கின, இடம் மாறவில்லை.

“இப்படித்தான் இருக்குமா?” என்றான்.

“இப்படித்தான் இருந்துச்சு.”

“சூடா ஊத்துனா அணு செத்துராது?”

“ஆறின பிறகுதான் கலப்பாங்களாம்.”

“பிந்திட்டா மேலேயே நிக்கும்ல?” கேட்டுவிட்டு அவனே தலையாட்டிக்கொண்டான். ஒரு துண்டைச் சுற்றிக் கரண்டியால் வெட்டி எடுத்து, வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு மென்றான். அவன் எதைச் சொல்லப்போகிறான் என்று எனக்குத் தெரியவில்லை. எதைச் சொல்ல வேண்டும் என்று விரும்புகிறேன் என்பதும் அந்த நேரத்தில் தெரியவில்லை.

“சீனி கம்மின்னு சொல்லு.” சாசரைக் காலி செய்துவிட்டு என்னிடம் நீட்டினான். “அந்த டாக்டர் நம்பர் அனுப்பு. நானே பேசிக்கிறேன். நீ லைன்ல இருக்கக் கூடாது. அவங்க என்ன சொன்னாலும் எனக்குத்தான் சொல்லணும். எனக்குத் தோணும்போது உன்கிட்டச் சொல்லுவேன். அதுவரைக்கும் கேக்கக் கூடாது.”

அங்கேயே நின்று நம்பரை அனுப்பினேன். பிறகு அடுப்படிக்குப் போய்ச் சீனி கம்மி என்று சொன்னேன். கதீஜா, “நான் சொன்னேன்ல” என்று சிரித்துவிட்டு, இனி ஒன்றும் செய்ய முடியாது, மேலே கொஞ்சம் பாகு ஊற்றிக்கொள்ளலாம் என்றார்.

பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழம், கஞ்சி, வடை, கடைசியில் கடல்பாசி. எனக்கு அடியில் படிந்த தட்டிலிருந்து ஒரு துண்டு வந்தது. “அடியில கெடந்தாலும் ருசி ஒண்ணுதான்க்கா” என்றார் கதீஜா. உண்மைதான். ஏழேகாலுக்குக் கிளம்பினேன். முகிலன் அன்று அங்கேயே தங்கிக்கொண்டான். பேருந்து நிறுத்தம் வரை வந்தவன் மெஸ்ஸைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டே வந்தான். வண்டி வந்தபோது என் பையை வாங்கி மேலே ஏற்றிவிட்டான்.

போக நினைப்பவர்களுக்கு: ஒரே நாளில் முடிக்க நினைத்தால் காலை ஆறு மணி வண்டிக்குப் பிந்தாதீர்கள். தூத்துக்குடியில் மதுரை வண்டி புதிய நிலையத்திலும் திருச்செந்தூர் வண்டி பழைய நிலையத்திலும் என்பதை மறக்க வேண்டாம். மணப்பாட்டில் ஷூ போடாதீர்கள், கையில் தண்ணீர் இருக்கட்டும், நான்கு மணிக்கு மேல் வெயில் தாழும். காயல்பட்டினத்தில் உணவகம் தேடிப் போகாதீர்கள். யாராவது வீட்டுக்குக் கூப்பிட்டால் போங்கள், கூப்பிடாவிட்டால் திருச்செந்தூரில் சாப்பிட்டுக்கொள்ளுங்கள். நோன்பு மாதத்தில் போகிறவர்கள் பகலில் அந்த ஊர்த் தெருக்களில் எதையும் கொறித்துக்கொண்டு நடக்க வேண்டாம். மொத்தச் செலவு மக்ரூனையும் சேர்த்து ஆயிரத்து இருநூறுக்குள் அடங்கியது.

என்னைப் போல ஒரு கேள்வியைச் சுமந்துகொண்டு போகிறவர்களுக்கு வேறொன்று. கேட்டுவிட்டால் பாரம் குறையும் என்று எண்ணிப் போனேன். குறையவில்லை, கை மாறியது. வளர்ந்த பிள்ளையின் உடம்பைப் பற்றிய கேள்வி எந்தக் காலத்திலோ அவன் கைக்குப் போயிருக்க வேண்டியது. நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். விட்ட பிறகும் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. பெருநாள் முடிந்த வாரம் ஒரு குப்பியைத் திறக்கப் போகிறார்கள் என்று மட்டும் ஒரு வரி அனுப்பியிருந்தான். அதற்குப் பின் நான் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். அழைக்காமல் இருப்பதற்காகத் திருமலை நாயக்கர் மகாலுக்குக் கூடப் போனேன். பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருக்கிறேன், அதைப் பார்க்க நுழைவுச்சீட்டு வாங்கியது அன்றுதான்.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்து, அவனுக்கு அனுப்பி, சரியா என்று கேட்டிருந்தேன். நேற்று மாலை அழைத்தான். மெஸ்ஸில் மறுபடியும் சாம்பாரில் உப்பு இல்லை என்றான். வெண்டைக்காயா, முருங்கைக்காயா என்று கேட்டேன். முருங்கைக்காய். ரசம் எப்படி என்று கேட்டேன். அவன் ரசத்தைப் பற்றியும் சொன்னான். இந்த முறை எனக்கு அவசரம் இல்லை.

“கேக்க மாட்டியா?” என்றான்.

“மாட்டேன்.”

விடுதி வராந்தாவில் யாரோ வாளியை இழுத்துப் போகும் ஒலி கேட்டது.

“அடியில போகலையாம்மா. நடுவுல நிக்குதாம். உயிரோட. இதுக்கு மேல அவங்களுக்கும் ஒண்ணும் தெரியாதாம்.” பிறகு, “கட்டுரையில இதையும் எழுதிக்கோ” என்று சொல்லிவிட்டு, தட்டு கழுவ வேண்டும் என்று போனை வைத்தான்.